கண்ட நகர்வைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் நான், என் மாணவப் பருவத்தில் நானே எழுதிய பிழைகளை ஒவ்வோராண்டும் அவர்களின் விடைத்தாள்களில் காண்கிறேன். எழுத்துப் பிழைகளையும் ஆண்டுகள் மாறிப்போவதையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை திருத்தினால் தீர்ந்துவிடும்.

"எல்லோரும் மறுத்தார்கள், இறுதியில் உண்மை வென்றது"

இன்றும் என்னைச் சினமூட்டும் தவறு இதுதான். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின் விலகி நகர்ந்தன என்ற கருத்தை 1912இல் ஜேர்மன் அறிஞர் அல்பிரட் வெக்னர் முன்வைத்தார், அறியாமையால் அறிஞர்கள் மறுத்தனர், 1960களில் ஏற்றனர் என்று மூன்று வரிகளில் விடையை முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதிப் பாதிப் புள்ளிகளை இழந்தேன். அதைவிட வருந்தத்தக்கது, கற்பிக்கத் தொடங்கிய பின்னரும் சில ஆண்டுகள் அதையே குறிப்பாகக் கொடுத்து வந்தேன்.

மறுத்தவர்களிடம் காரணம் இருந்தது. தென் அமெரிக்க, ஆபிரிக்கக் கரையோரங்களின் பொருத்தமும் இரு கண்டங்களிலும் கிடைத்த மெசோசோரஸ் என்ற அழிந்துபோன ஊர்வனவின் உயிர்ச்சுவடும் வலுவான சான்றுகளே. ஆயினும் கண்டங்களை எது நகர்த்தியது என்ற கேள்விக்கு வெக்னர் காட்டிய, புவிச் சுழற்சியிலிருந்தும் சந்திர சூரிய ஈர்ப்பிலிருந்தும் எழும் விசைகள் எவ்வகையிலும் போதாதவை என்பதைப் புவிப் பௌதிகவியலாளர் ஹரோல்ட் ஜெப்ரீஸ் கணித்தே காட்டினார். கிறீன்லாந்து ஆண்டுக்குப் பல மீற்றர் நகர்வதாக வெக்னர் மதிப்பிட்டதும் பிழை. கண்டங்கள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே நகர்கின்றன. புவியின் உட்பகுதியில் நிகழும் மேற்காவுகை ஓட்டமே (சூடான பொருள் மேலெழுந்து, குளிர்ந்தது கீழிறங்கும் சுழற்சியே) காரணமாகலாம் என்று ஆதர் ஹோம்ஸ் கூறியபோதும், அதை நிறுவும் அளவீடுகள் அன்று இல்லை.

அவை கடலடியிலிருந்து வந்தன. சமுத்திர மத்திய மலைத்தொடர்களில் புதிய சமுத்திரத் தளம் உருவாகி இருபுறமும் விலகுகிறது என்று 1962இல் ஹரி ஹெஸ் எழுதினார். அதே ஆண்டில் ஓவன் என்ற பிரித்தானியக் கப்பல், இந்து சமுத்திரத்தின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பேர்க் தொடரின்மேல் காந்தப் புலத்தை அளந்தது. புவியின் காந்தப் புலம் காலத்துக்குக் காலம் திசை மாறியமை, அத்தொடரில் எழுந்து உறைந்த பாறையில் கீற்றுக் கீற்றாகப் பதிந்திருக்கிறது என்று அவ்வளவீடுகளைக் கொண்டு பிரட் வைனும் ட்ரமண்ட் மத்தியூஸும் 1963இல் விளக்கினர். பசுபிக்கில் 'எல்ரனின்' என்ற ஆய்வுக் கப்பல் பெற்ற கீற்றுகள் தொடரின் இருபுறமும் கண்ணாடி விம்பம்போல் ஒத்திருப்பது 1966இல் வெளியானபோது, ஐயுற்றிருந்த பலர் மனம் மாறினர். காலி முகத்திடலிலிருந்து நாம் பார்க்கும் இந்தச் சமுத்திரத்திலேயே அச்சான்றுகளுள் ஒன்று கிடைத்தது என்று சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

லெமூரியாவைச் சான்றாகக் காட்டுதல்

வேண்டாம். இந்து சமுத்திரத்தில் லெமூரியா என்ற கண்டம் இருந்து மூழ்கிப்போனது என்று 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் முன்வைத்த அந்தக் கருதுகோளைத் தேவையற்றதாக்கியதே கண்ட நகர்வுதான்.

கண்ட நகர்வையும் தகட்டோட்டுக் கொள்கையையும் ஒன்றெனக் கொள்ளுதல்

ஒன்றல்ல. வெக்னரின் கண்டங்கள் சமுத்திரத் தளத்தைக் கிழித்துக்கொண்டு சென்றன. தகட்டோட்டுக் கொள்கை கூறும் தகடுகளோ, அதாவது புவியின் வெளியோடு பிரிந்துள்ள பெருந்துண்டுகளோ, கண்டத்தையும் சமுத்திரத் தளத்தையும் சேர்த்தே சுமந்து செல்கின்றன.