அண்ணா எண்ட சொல்லு விழுற இடம்: கொழும்பை வச்சு ஒரு விசுவாசக் கதை எழுதுறது எப்பிடி

நான் முதல் எழுதின கதை எங்கட பங்கு மலரில வந்தது. ஒரு பிள்ளை, நல்லாப் படிக்கிறவள், கோயிலுக்கு ஒழுங்காப் போறவள், வேலை செய்யிற இடத்தில ஒருத்தன விரும்பி மெல்ல மெல்ல ஆண்டவர மறந்து போறாள், கடைசிப் பக்கத்தில அந்தப் பெடியன் மோட்டசைக்கிள்ள அடிபட்டுச் செத்துப்போறான், அவள் அழுது அழுது திரும்பிக் கோயிலுக்கு வாறாள். பூசை முடிஞ்சு வெளியில வரேக்க ஒரு அன்ரி என்ட கையப் பிடிச்சு, "கதை நல்லா இருந்தது பிள்ளை, ஆனா அந்தப் பெடியன ஏன் சாகடிச்சனீர்?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல. வீட்ட வந்து யோசிக்கத்தான் விளங்கினது, அவன் செத்ததால அந்தப் பிள்ளை ஒண்டையும் தெரிவு செய்யேல்ல, அவளுக்காக நான் தெரிவு செய்து குடுத்திட்டன். அதுக்குப் பிறகு கனக்க எழுதிக் கிழிச்சுத்தான் கொஞ்சம் பிடிபட்டது, அதத்தான் இதில சொல்லுறன், இந்தமாதிரிக் கதை எழுத ஆசைப்படுற தம்பி தங்கச்சிமாருக்கு உதவும் எண்டு.

முதல் அவளிண்ட ஆசையில தொடங்குங்கோ, காதல் பிறகு வரட்டும். எங்கட ஆக்கள் எழுதுற கதைகளில முன்னேறோணும் எண்டு நினைக்கிறதே ஒரு பாவம் மாதிரி வரும், காசு உழைக்கிறவன் எல்லாம் கெட்டவன். அப்பிடி எழுதாதேங்கோ. செபதேயுவின்ர பிள்ளையள் ரெண்டுபேரும் உம்மட வலப்பக்கமும் இடப்பக்கமும் எங்கள இருத்தும் எண்டு கேட்டவை, அவையள ஆண்டவர் துரத்தேல்ல, நான் குடிக்கிற பாத்திரத்தில உங்களாலயும் குடிக்க ஏலுமோ எண்டு திருப்பிக் கேட்டவர். உங்கட கதையும் அந்தக் கேள்வியத்தான் அவளிட்டக் கேக்கோணும்.

ஆசை எண்டால் ஒரு ரசீது மாதிரித் துல்லியமா இருக்கோணும். இப்ப நான் எழுதுற கதையில வாற பிள்ளைக்கு மெற்றில்டா எண்டு பேர் வச்சிருக்கிறன், மன்னார்ப் பக்கம், வெள்ளவத்தையில ஒரு அன்ரி வீட்டில போடிங், ஒரு ஓடிற் பேர்மில பயிற்சி, சார்ட்டட் எக்கவுண்டன்ற் ஆகோணும். "பெரிய ஆளா வரோணும்" எண்டு எழுதினால் வாசிக்கிறவைக்கு ஒண்டும் தெரியாது. அம்மாட ரெண்டு காப்பும் சோதினைக் காசு கட்ட அடகில கிடக்குது, சீட்டு அவளிண்ட பைபிளுக்குள்ள மடிச்சு வச்சிருக்கு, திருப்புற திகதி எப்ப எண்டு அவளுக்கு மனப்பாடம் எண்டு எழுதினால் விளங்கும். அந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில இருக்குது எண்டுகூட முடிவு செய்து வையுங்கோ, பிறகு ஒரு இடத்தில அது உதவும்.

அடுத்தது விசுவாசம். இதில தான் கனபேர் வழுக்கி விழுறவை. "அவள் கடவுள்பக்தி உள்ளவள்" எண்டு எழுதிப்போட்டு விட ஏலாது, எந்தச் சபை, எந்த நேரம், எந்த வாங்கு எண்டு தெரியோணும். கத்தோலிக்கப் பிள்ளை எண்டால் பூசை, பாவசங்கீர்த்தனம், நவநாள், ஃபாதர். மெதடிஸ்ட் எண்டால் ஆராதனை, திருவிருந்து, போதகர் ஐயா. பெந்தகோஸ்தே எண்டால் பாஸ்டர், உபவாச ஜெபம், சாட்சி, "தோத்திரம் பிரதர்". அதையெல்லாம் ஒரு சட்டியில போட்டுக் கிண்டினால் முதல் பக்கத்திலயே சபை ஆக்கள் புத்தகத்த மூடிப்போடுவினம். பாஸ்டரிண்ட மகள் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினால் அது பெரிய விசயம், அது ஒரு முழுக்கதை, சும்மா போற போக்கில எழுத ஏலாது. ஆனா மெற்றில்டா செவ்வாய்க்கிழமை வேலை முடிய பஸ் ஏறிக் கொச்சிக்கடைக்குப் போய், சைவ ஆக்களும் சிங்கள ஆக்களும் நிக்கிற அந்த வரிசையில தானும் நிண்டு சுருவத்தத் தொட்டுக் கும்பிட்டிட்டு வாறது அவளுக்கு மூச்சு விடுறமாதிரி. அந்தச் செவ்வாய்க்கிழமை எப்ப ஒருக்கா தவறுது எண்டு மட்டும் காட்டினால் போதும், "அவள் விசுவாசத்தில தளர்ந்தாள்" எண்டு எழுதத் தேவையே இல்லை.

கொச்சிக்கடை எண்டு எழுதினால் கோயில்களில குண்டு வெடிச்ச 2019 ஏப்ரல் 21 பற்றியும் ஒண்டு சொல்லோணும். அந்த உயிர்ப்பு ஞாயிற உங்கட கதாநாயகியத் திருத்துறதுக்கு ஒரு சம்பவமாப் பாவிக்காதேங்கோ, தயவு செய்து. கொச்சிக்கடையிலயும் கட்டுவாப்பிட்டியிலயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் செத்தவை ஆற்றையோ கதைக்குப் பாடம் சொல்லச் சாகேல்ல. அதுக்குப் பிறகு நடக்கிற கதை எண்டால் வாசலில பையத் திறந்து காட்டிப்போட்டு உள்ள போறதையும், கதவுக்குக் கிட்ட இருக்கிற ஒரு அம்மாவையும் எழுதுங்கோ, காணும்.

சோதனையா வாறவன் கெட்டவனா இருக்கக்கூடாது. யாக்கோபின்ர நிருபத்தில அவனவன் தன்ர சொந்த இச்சையாலதான் இழுபடுறான் எண்டு இருக்கு, அப்ப தூண்டிலில இருக்கிற இரை அவளிண்ட பசிக்குச் சரியா இருக்கோணும். மெற்றில்டாட பசி காதல் இல்லை, அவளத் தனிய ஒரு ஆள் கவனிக்கோணும் எண்டது, மூண்டு வருசமா கொழும்பில அவள் சாப்பிட்டாளோ எண்டு கேக்க ஒரு ஆள் இல்லை. ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, ஒபிசில எல்லாரும் கோழிச் சோத்துப் பார்சல் எடுத்தவை, அவள் பசிக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டுக் கொம்பியூட்டரப் பாத்துக்கொண்டிருக்கிறாள், அவளிண்ட சீனியர் வெளியில போய் வந்து ஒரு கடதாசிப் பையை மேசையில வச்சிட்டு ஒண்டும் சொல்லாமப் போறான், உள்ள ரெண்டு முட்டை ரொட்டி. வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடமாட்டாள் எண்டு அவள் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவன் தானாக் கவனிச்சிருக்கிறான். அவளிண்ட விசுவாசத்துக்கு மரியாதை குடுத்தபடியே சோதனை உள்ளுக்கு வருது, அந்த இடத்தில வாசிக்கிற பிள்ளையும் அவன விரும்பத் தொடங்கோணும், இல்லாட்டி உங்கட கதையில சோதனையே இல்லை.

அப்ப தடை எங்க? இதுக்கு எங்கட ஊர் வழக்கத்திலயே ஒரு வலுவான முடிச்சு இருக்கு. அவனுக்கு எழுத்து, அதான் கலியாணப் பதிவு, முடிஞ்சுது. பொம்பிளை கனடாவில, ஸ்பொன்சர் போட்டிருக்கு, பேப்பர் வரக் காத்திருக்கினம், கோயில் கலியாணம் பிறகு. சட்டத்துக்கு அவன் கலியாணம் முடிச்சவன், பீடத்துக்கு முன்னால இன்னும் முடிக்கேல்ல, எழுத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளையோட ஒரு கிழமைகூட சேர்ந்து இருக்கேல்ல. "இன்னும் கோயிலில முடியேல்லத்தானே" எண்டு மெற்றில்டா தனக்குத் தானே சொல்லுற அந்த வரி, ஆயிரம் பிரசங்கத்த விட வாசிக்கிறவையப் போட்டு உலுப்பும், ஏனெண்டால் அது அரைவாசி உண்மை. உங்கட கதைக்கும் இப்பிடி அரைவாசி உண்மையா ஒரு சாட்டு தேடுங்கோ.

இப்ப தலைப்பில சொன்ன விசயம். தமிழில எழுதுறாக்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அதக் கனபேர் பாவிக்கிறேல்ல. அவன் சீனியர், அவள் முதல் நாளில இருந்து அவன "அண்ணா" எண்டுதான் கூப்பிடுறாள், "அண்ணா இந்த ஃபைல்", "அண்ணா நாளைக்கு எத்தினை மணிக்கு". ஒரு நாள் ஃபோன் மெசேஜில அந்தச் சொல்லு இல்லை. "நாளைக்கு எத்தினை மணிக்கு" எண்டு மட்டும் இருக்கு. அவள் அனுப்பிப்போட்டுத்தான் கவனிக்கிறாள், திருப்பிப் போட்டு அனுப்ப விரல் போகுது, பிறகு விட்டிடுறாள். அவன் பதிலில "நீர்" எண்டு எழுதுற ஆள், அண்டைக்கு "நீ" எண்டு வருது. தொடாமலே ரெண்டுபேருக்கும் இடையில எவ்வளவு தூரம் குறைஞ்சு போச்சு எண்டு பாருங்கோ. ஆற்ற வாயில எந்த முறைச்சொல்லு, எந்த அத்தியாயத்தில அது மாறுது எண்டு ஒரு கொப்பியில எழுதி வச்சுக்கொண்டுதான் நான் இப்ப எழுதுறன், ஒரு சொல்லு தவறினாலும் முழுக் கதையும் பொய்யாப் போயிடும்.

உடம்பப் பற்றி எழுத வெட்கப்படாதேங்கோ, வேதாகமத்திலயே உன்னதப்பாட்டு இருக்கு. ஆனா நீட்டாதேங்கோ. மரீன் டிரைவில கடல் காத்துக்குள்ள நடக்கேக்க அவன்ட சேட் கை அவளிண்ட கையில படுது, அவள் கையை எடுக்கேல்ல, இவ்வளவும் ஒரு வசனம். அதுக்குப் பிறகு அவள் போடிங்குக்கு வந்து, அன்ரி கேற் பூட்டுற நேரத்துக்குள்ள வந்திட்டன் எண்டு பொய்யா ஒரு நிம்மதி படுறதுக்கு மூண்டு வசனம் செலவழியுங்கோ. தாவீது ராசாட கதையும் அப்பிடித்தான், ராசாமார் யுத்தத்துக்குப் போற காலத்தில அவர் எருசலேமில நிண்டிட்டார், சாயந்தரம் எழும்பி மாடியில உலாவினார், விழுகை அங்கயே தொடங்கிட்டுது, பத்சேபாளக் கண்டது பிறகு. உங்கட ஆள் எந்த வேலைய விட்டிட்டு அந்த நேரத்தில அங்க நிக்கிறாள் எண்டு கேளுங்கோ.

செபம் எழுதேக்க விளக்கவுரை எழுதாதேங்கோ. "ஆண்டவரே நான் அவன விரும்புறன், ஆனா அவன் எழுத்து முடிச்சவன், நான் என்ன செய்ய" எண்டு ஒருத்தரும் கதைச் சுருக்கம் சொல்லிச் செபிக்கிறேல்ல. மெற்றில்டா இரவில 53 மணிச் செபம் சொல்லுறவள், நாள் முழுக்க ஆக்களிண்ட கணக்கப் பிழையில்லாம எண்ணுற பிள்ளை, ஒரு இரவு ஃபோன் லைற் மினுங்கினதும் எத்தினையாவது மணியில நிக்கிறாள் எண்டு தெரியாமப் போகுது, திருப்பித் தொடங்குறாள், திரும்பவும் தவறுது, செபமாலையத் தலாணிக்குக் கீழ வச்சிட்டு ஃபோன எடுக்கிறாள். நான் எழுதினதில எனக்கு மனசுக்குக் கிட்டின இடம் அது.

ஃபாதரையோ பாஸ்டரையோ கொண்டுவந்து முடிச்ச அவிழ்க்க விடாதேங்கோ. கத்தோலிக்கர் இல்லாத ஆக்கள் எழுதுறதெண்டால் இன்னொண்டையும் கவனியுங்கோ, பாவசங்கீர்த்தனத்தில கேட்டத ஃபாதர் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது, அவளிண்ட அம்மாவுக்கு கோல் எடுத்துச் சொல்லுறதெல்லாம் நடக்காத காரியம்.

வழக்கம் தெரியாம எழுதி நான் ஒருக்கா மாட்டினனான். 2024இல உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31இல வந்தது, அது இஞ்ச கணக்கு வருசம் முடியிற நாள், ஓடிற் பிள்ளையள் ஸ்டொக் எண்ணக் களஞ்சியத்துக்குப் போற நாள். ஆகா, பூசையா வேலையா எண்டு நல்ல மோதல் எண்டு நினைச்சு எழுதித் தள்ளினன். எங்கட சிஸ்டர் ஒராள் வாசிச்சிட்டு, "சனி இரவுத் திருவிழிப்புக்குப் போனால் ஞாயிற்றுக் கடமை முடிஞ்சுது பிள்ளை, பிறகென்ன பிரச்சினை?" எண்டு கேட்டா. முழு அத்தியாயமும் போச்சு. ஆனா அதால நல்லது நடந்தது. இப்ப மெற்றில்டா சனி இரவு திருவிழிப்புக்குப் போறாள், கையில மெழுகுதிரி, திருமுழுக்கு வாக்குறுதியப் புதுப்பிக்கேக்க பசாசை விட்டுவிடுறியளோ எண்டு கேக்க எல்லாரோடயும் சேந்து விட்டுவிடுகிறேன் எண்டு சத்தமாச் சொல்லுறாள், விரலில மெழுகு ஒட்டினபடி. விடிஞ்சால் பேலியகொடைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில அவனோட சேந்து பெட்டி எண்ண வேணும், வேற ஒருத்தரும் இல்லை. முதல் எழுதினத விட இது எவ்வளவோ இறுக்கம்.

முடிவுக்கு வரேக்க விபத்து, புற்றுநோய், திடீரெண்டு வாற விசா, மூண்டும் வேண்டாம். அவள் ஆண்டவரிண்ட பக்கம் நிண்டால் அதுக்கு ஒரு விலை இருக்கோணும், அந்த விலையக் கடைசிப் பக்கத்தில கடவுள் வட்டியோட திருப்பிக் குடுக்கக்கூடாது. யோசேப்பு போத்திபாரிண்ட வீட்டில வஸ்திரத்த விட்டிட்டு ஓடினவர், உடன கிடைச்சது சிறைச்சாலை. மெற்றில்டா வேற ரீமுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கப் போறாள், நல்ல கிளையன்ற் கைவிட்டுப் போகும், காப்பு இன்னும் ஒரு வருசம் அடகிலயே கிடக்கும். அவள் மற்றப்பக்கம் போறதா எழுதினாலும் அதையும் நேர்மையா எழுதுங்கோ, அந்தப் பணக்கார வாலிபன் துக்கத்தோட போனான் எண்டதோட சுவிசேசம் அவன விட்டிடுது, ஆனா அதுக்கு முன்னம் ஆண்டவர் அவனப் பாத்து அன்புகூர்ந்தார் எண்டு மாற்கு எழுதி வச்சிருக்கிறார். அந்தப் பார்வையோட எழுதுங்கோ.

எழுதி முடிய ரெண்டுபேரிட்டக் குடுங்கோ, ஒராள் உங்கட சபை ஆள், மற்ற ஆள் கோயில் பக்கமே போகாத ஆள். சபை ஆள் வழக்கப் பிழை பிடிப்பார். மற்ற ஆளிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ, எந்த இடத்தில அவனோட போ எண்டு உமக்கு அவளுக்குச் சொல்ல வேணும் போல இருந்தது? ஒரு இடமும் இல்லை எண்டால் நடுப்பகுதியத் திருப்பி எழுத வேணும்.

என்ட கதைக்கு முடிவு இப்பிடி வச்சிருக்கிறன். களஞ்சியத்தில பின்னேரம் ஆகுது, எண்ணி முடிஞ்சுது, சீற்றில ரெண்டு கையெழுத்து வேணும். அவன் வச்சிட்டுப் பேனைய அவளிட்ட நீட்டுறான், அங்கால சாப்பிட எங்கயாவது போவமோ எண்டு கேக்கிறான். அவள் விரலில இருந்த மெழுகச் சுரண்டி எடுத்துப்போட்டுக் கையெழுத்து வைக்கிறாள், சீற்ற ரெண்டு கையாலயும் பிடிச்சு அவனிட்டக் குடுக்கிறாள்.

"சரியா இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, அண்ணா."