திறந்த நொடியிலேயே மூடிக்கொள்ளும் மாட் ஆர்கனைசர் 2: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் விளையாட்டுக்காக ஏறத்தாழ இருநூறு மாட்களை (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புத் தொகுப்புகள்) அடுக்கி வைத்திருந்த என் மாட் மேலாளரான மாட் ஆர்கனைசர் 2, ஒரு சனிக்கிழமை காலையில் தொடக்கப் படத்தை மட்டும் காட்டிவிட்டு, எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் மறைந்துபோனது. மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன்; மூன்று முறையும் அதே கதைதான். கோளாறு நிரலுக்குள் இல்லை என்பது புரிய எனக்கு இரண்டு நாட்களாயின. அந்த இரண்டு நாட்களில் நான் பின்பற்றியிருக்க வேண்டிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். விளையாட்டை நிறுவுவது, மாட்களைத் தரவிறக்குவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எதையும் அழிப்பதற்கு முன்

மாட் ஆர்கனைசர் உங்கள் மாட்களை விளையாட்டின் ‘டேட்டா’ கோப்புறைக்குள் நகலெடுப்பதில்லை. ஒவ்வொரு மாடும் ‘மாட்ஸ்’ கோப்புறையில் தனித்தனியாகக் கிடக்கும். விளையாட்டு ஓடும்போது மட்டும், ஒரு மெய்நிகர் கோப்பு முறைமையின் வழியாக, அவை அனைத்தும் டேட்டா கோப்புறையில் இருப்பதுபோல் விளையாட்டுக்குக் காட்டப்படும். ஆகவே மேலாளர் திறக்காவிட்டாலும் மாட்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ‘போர்ட்டபிள்’ முறையில் நிறுவியவர்களுக்கு மாட்கள், நிரல் இரண்டும் ஒரே கோப்புறையில்தான் இருக்கும். மறுபடி நிறுவலாம் என்று அந்தக் கோப்புறையை முழுவதும் அழித்தால் மாட்களும் சேர்ந்தே போய்விடும். எனவே ‘மாட்ஸ்’, ‘ப்ரொஃபைல்ஸ்’, ‘ஓவர்ரைட்’ ஆகிய மூன்று கோப்புறைகளையும் ‘மாட்ஆர்கனைசர்.ஐஎன்ஐ’ என்ற அமைப்புக் கோப்பையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இடம் போதவில்லை என்றால், மாட்களின் வரிசை பதிவாகியிருக்கும் ப்ரொஃபைல்ஸை மட்டுமாவது காப்பாற்றுங்கள். மாட்களை மறுபடி தரவிறக்கிக்கொள்ளலாம், மாதக்கணக்கில் சீர்செய்த வரிசையை மறுபடி நினைவுகூர முடியாது.

உண்மையிலேயே கிராஷ்தானா?

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மாட் ஆர்கனைசரின் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தால், நிரல் செத்துப்போகவில்லை. ஒன்று உறைந்திருக்கிறது, அல்லது அதன் சாளரம் திரைக்கு வெளியே திறந்திருக்கிறது. மடிக்கணினியோடு இணைத்திருந்த இரண்டாவது திரையைக் கழற்றியவர்களுக்கு இரண்டாவது நிலை வருவதுண்டு. அப்போது டாஸ்க் மேனேஜரிலேயே நிரலை முடித்துவிட்டு, ஐஎன்ஐ கோப்பை நோட்பேட்‌ பிளஸ் பிளஸில் திறந்து, ‘ஜியோமெட்ரி’ என்று தலைப்பிட்ட பகுதியை மட்டும் நீக்கிச் சேமித்தால், சாளரம் மறுபடி நடுத்திரைக்கு வந்துவிடும்.

வீழ்த்திய கோப்பின் பெயர்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். விண்டோஸ் ஒவ்வொரு செயலிழப்பையும் குறித்து வைக்கிறது. அதைப் பார்க்க ஈவண்ட் வியூவரைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. வேண்டாத ஆயிரம் வரிகளுக்கு நடுவே வேண்டிய ஒரு வரியைத் தேட வேண்டியிருக்கும். ஸ்டார்ட் பட்டியலில் ‘ரிலயபிலிட்டி’ என்று தட்டச்சு செய்து, வரும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால், இன்றைய நாளுக்கு நேராகச் சிவப்புப் பெருக்கல் குறி தெரியும். அதனுள் மாட் ஆர்கனைசரின் விவரத்தைத் திறந்து, ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பெயர்தான் சொல்லும். அங்கே குறி எதுவுமே இல்லையென்றால் நிரல் தானாகவே மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ‘லாக்ஸ்’ கோப்புறையிலுள்ள ‘எம்ஓ இன்டர்ஃபேஸ்’ பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

பெயர் ‘எம்எஸ்விசிபி140’ அல்லது ‘விசிரன்டைம்140’ என்றிருந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் இயக்கநூலகம் பழையதாகவோ பழுதாகவோ இருக்கக்கூடும். “என் கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறதே” என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். விஷுவல் ஸ்டுடியோ 2022-இன் பிந்தைய பதிப்புகளில் தொகுக்கப்பட்ட நிரல்கள், பழைய எம்எஸ்விசிபி140 கோப்போடு இணைந்தால் தொடக்கத்திலேயே, சி0000005 என்று முடியும் நினைவக அணுகல் பிழையோடு விழுந்துவிடும். நூலகம் இருந்தால் போதாது, அது புதியதாகவும் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து 64 பிட் பதிப்பை நிறுவுங்கள். 2011-இல் வந்த மூல ஸ்கைரிம் போன்ற 32 பிட் விளையாட்டுகளும் உங்களிடம் இருந்தால் 32 பிட் பதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎல்எல் கோப்புகளை (நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நூலகக் கோப்புகள்) ஒற்றையாக அள்ளிக்கொடுக்கும் தளங்களின் பக்கம் போகாதீர்கள்.

பெயர் ‘க்யூட்டி6’ என்று தொடங்கினால், பழைய நிறுவலின் மேலேயே புதியதை அவிழ்த்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். மாட் ஆர்கனைசரின் 2.4 வரிசை, சாளரங்களை வரையும் க்யூட்டி நூலகத்தின் 5-ஆம் பதிப்பிலும், 2.5 வரிசை 6-ஆம் பதிப்பிலும் கட்டப்பட்டவை. ஒன்றின் எச்சம் மற்றொன்றின் கோப்புறையில் கிடப்பது நல்லதல்ல. நிறுவியைவிடச் சுருக்கப்பட்ட கோப்பை வெற்றுக் கோப்புறையில் அவிழ்ப்பதையே நான் விரும்புகிறேன், என்ன எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியும் என்பதால். பைத்தான் என்ற பெயர் வந்தால், ‘பிளகின்ஸ்’ கோப்புறையில் நீங்களாகச் சேர்த்தவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், 2.4-க்கு எழுதப்பட்ட பைத்தான் செருகுநிரல்கள் பல 2.5-இல் ஓடாது.

எனக்கு வந்த பெயரோ ‘என்டிடிஎல்எல்’. அது விண்டோஸின் அடித்தளக் கோப்பு. அதைப் பார்த்து விண்டோஸே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு நாள் முழுவதும் கணினிக் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என்டிடிஎல்எல் என்பது பெரும்பாலும் நிரல் விழுந்த இடம் மட்டுமே. தள்ளிவிட்டது வேறொன்றாக இருக்கும். பதிவுக் கோப்பை மறுபடி நிதானமாகப் படித்தபோது, நிரலுக்குள் ஏற்றப்பட்ட கோப்புகளின் பட்டியலில், மாட் ஆர்கனைசருக்கும் விண்டோஸுக்கும் தொடர்பே இல்லாத ஒரு பெயர் கண்ணில் பட்டது. என் மதர்போர்டின் இயக்கிகளோடு வந்து அமர்ந்த ஒலி மேம்பாட்டு மென்பொருள் அது. திரையின் மேல் தன் சின்னத்தைக் காட்டுவதற்காக, திறக்கப்படும் நிரல்களுக்குள் எல்லாம் தன் டிஎல்எல்லைச் செருகிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்படி ஓர் ஊடுருவல் உங்களிடமும் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியைத் திறந்து, ‘சர்வீசஸ்’ தாவலில் மைக்ரோசாஃப்டின் சேவைகளை மறைக்கும் பெட்டியில் முதலில் குறியிட்டு, மீதமுள்ளவற்றை அணைத்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். மறைக்கும் பெட்டியை மறந்தால் விண்டோஸின் சொந்தச் சேவைகளையும் அணைத்துவிடுவீர்கள், கவனம். இப்போது மாட் ஆர்கனைசர் திறந்தால், அணைத்தவற்றில் பாதியை மறுபடி இயக்கிச் சோதியுங்கள். பிறகு அந்தப் பாதியில் பாதி. நாற்பது சேவைகள் இருந்தாலும் ஐந்தாறு மறுதொடக்கங்களில் ஆள் அகப்பட்டுவிடுவார். அகப்பட்டதும், கடிகாரத்தின் அருகிலுள்ள சின்னத்தை மூடினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; அது முகப்பு மட்டும்தான், சேவை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ‘சர்வீசஸ்’ சாளரத்தில் அதை நிறுத்தி, தொடக்க வகையை ‘டிசேபிள்டு’ என்று மாற்றுங்கள். விளையாட்டின் வேகத்தைத் திரை மூலையில் காட்டும் கருவிகளும் இதே வேலையைச் செய்யக்கூடியவை என்பதால் அவற்றையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

நச்சுநிரல் தடுப்பானும் கோப்புறை இடமும்

மாட் ஆர்கனைசரின் மெய்நிகர் கோப்பு முறைமையும் பிற நிரல்களுக்குள் தன்னைச் செருகித்தான் வேலை செய்கிறது; தடுப்பான்களின் கண்ணுக்கு இது தீம்பொருளின் நடத்தைபோல் தோன்றுவதில் வியப்பில்லை. நிரலின் கோப்புறையில் ‘யுஎஸ்விஎஃப்எஸ்’ என்று தொடங்கும், அந்த மெய்நிகர் முறைமைக்கான கோப்புகள் காணாமல் போயிருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’ பக்கத்திலிருந்து அவற்றை மீட்டு, அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். கிட்ஹப் அல்லது நெக்சஸ் பக்கத்திலிருந்து நீங்களே தரவிறக்கிய நிரலாக இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். தடுப்பானை முழுவதும் அணைக்கச் சொல்லும் காணொளிகளை நான் ஏற்பதில்லை.

‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலோ விளையாட்டின் கோப்புறைக்குள்ளோ மேலாளரை வைக்காதீர்கள். முதலாவதில் எழுதும் உரிமைச் சிக்கல் வரும். டி டிரைவில் நேரடியாக, சிறிய ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை போதும். தமிழில் பெயரிட எனக்கும் ஆசைதான், ஆனால் பழைய மாட் கருவிகள் சில அதில் தடுமாறும்.

கடைசி வழி

இவ்வளவுக்குப் பிறகும் திறக்கவில்லை என்றால், ஐஎன்ஐ கோப்பை அழிக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்றுங்கள். மேலாளர் புதிதாக நிறுவியதுபோல் கேள்விகள் கேட்கும். போர்ட்டபிள் என்பதைத் தேர்ந்து அதே கோப்புறையைக் காட்டினால் பழைய மாட்களும் ப்ரொஃபைலும் அப்படியே வந்து நிற்கும். வலப்பக்கத்து இயக்கப் பட்டியலில் நீங்கள் சேர்த்திருந்த கருவிகள் மட்டும் போயிருக்கும். அவை அந்தக் கோப்பில்தான் இருந்தன. பெயர் மாற்றிய கோப்பைத் திறந்து பார்த்து அவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை: “சரியாகிவிட்டது” என்று எழுதிய வாசகர் ஒருவர், மூன்று வாரம் கழித்து மறுபடி அதே கிராஷ் என்று எழுதினார். விண்டோஸ் அப்டேட் ஒலி இயக்கியைப் புதுப்பித்தபோது அந்தச் சேவையும் உயிர்பெற்றுத் திரும்பியிருந்தது. என் கணினியிலும் பின்னர் அதேதான் நடந்தது. சேவையை அணைத்ததோடு, ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பட்டியலிலும் அதே பெயரில் ஏதேனும் பணி இருக்கிறதா என்று பார்த்து அதையும் முடக்கிவிடுங்கள். என்னிடம் அப்படி இரண்டு இருந்தன.