வடசென்னையில் புதுவீடு: காற்றுக்கும் குளிர்ச்சிக்கும் வெந்நீருக்கும் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவர்களில் பலர், பூச்சுவேலை முடிந்த பிறகுதான் ஏசியையும் கெய்சரையும் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பதைச் சுவர்களே முடிவு செய்துவிட்டிருக்கும். எனவே வரைபடம் கையில் இருக்கும்போதே காற்றோட்டத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். காற்றால் இயலாததை மட்டும் மின்சாதனங்களிடம் விட வேண்டும்.

கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஊருக்குள் வருகிறது. ஆனால் 20 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையில், இருபுறமும் பக்கத்து வீடுகள் ஒட்டியிருந்தால், முன்னும் பின்னும் மட்டுமே ஜன்னல் வைக்க முடியும். நடு அறைகள் புழுங்கும். இதற்கு ஒரே வழி, ஓ.டி.எஸ். என்று பொறியாளர்கள் குறிப்பிடும், வானம் பார்த்த சிறு திறந்தவெளியை நடுவில் விடுவதுதான். இடம் வீணாகிறதே என்று வீட்டில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லி அந்த இடத்தைப் பொருள் வைக்கும் அறையாக்கினோம். அதன் விளைவாக நடு அறையில் இன்றும் பகலிலேயே விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இருபது சதுர அடியை விட்டிருக்கலாம் என்று நினைக்காத கோடை இல்லை.

சூடான காற்று மேலேறும் இயல்புடையது. மாடிப்படியின் மேல்கூண்டில் சன்ஷேடுக்கு அடியில் ஒரு திறப்பு வைத்தால், கீழ்த்தள ஜன்னல்கள் வழியே வரும் காற்று படிக்கட்டு வழியாகவே மேலேறி வெளியேறும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும் என்பதால், அந்தத் திறப்பு மேற்குப் பக்கம் இருப்பது நல்லது. கடற்காற்று வீசும்போது காற்று நேரடியாகப் படாத பக்கமும் அதுவேயாகையால் வெப்பத்தை அது இழுத்து வெளியேற்றும்.

ஜன்னலின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 10 அடிக்கு 12 அடி அறைக்கு இது 20 சதுர அடியாகிறது. இரண்டு கதவு கொண்ட நகர்த்தும் ஜன்னலில் பாதிதான் திறக்கும் என்பதைக் கடைக்காரர் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. கொசுவலையும் காற்றில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க்கு அருகில் வலையில்லாமல் வாழ முடியாது. எனவே முழுதாகத் திறக்கும் கீல் ஜன்னலையே நான் பரிந்துரைப்பேன்.

மணலி, எண்ணூர் பகுதிகளில் கட்டுவோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. காற்றுக்கு வழிவிடுவதைப் போலவே, வேண்டாதபோது அதை அடைக்கவும் வழியிருக்க வேண்டும். மூட முடியாத சிமெண்ட் ஜாலிகளை இப்பகுதியில் படுக்கையறைச் சுவரில் வைக்க வேண்டாம். படிக்கூண்டுத் திறப்புக்கும் கதவு இருக்கட்டும்.

மாடி அறையில் இரவு வெகுநேரம் வரை உறைக்கும் வெப்பம், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் வெளியிடுவது. மொட்டைமாடியில் வெதரிங் கோர்ஸ் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த வெப்பத்தடுப்பு அடுக்கு) போட்டு, மேலே தட்டோடு பதித்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சும் அடித்துவிட்டால், சிறிய ஏசியே போதுமானதாகிவிடும்.

சமையலறைச் சிம்னியின் குழாய் வளைவுகள் குறைந்து, நேராக வெளிச்சுவருக்குப் போக வேண்டும். குழாயில்லாத வகை, புகையை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. காசிமேட்டு வஞ்சிரம் வறுக்கும் வீட்டில் அது பயன்படாது. குழாயின் வாயை ஓ.டி.எஸ்.ஸில் விட்டால் மேல்மாடிப் படுக்கையறை முழுவதும் அந்த வாசனைதான்.

ஏசியைப் பொறுத்தவரை, 10 அடிக்கு 12 அடி அறைக்குக் கீழ்த்தளத்தில் 1 டன் போதும். மேற்குச் சுவரும் வெயில் படும் தளமும் உள்ள மாடி அறைக்கு 1.5 டன் வேண்டியிருக்கும். கடலோர உப்புக்காற்று வெளிப்பெட்டியின் சுருளை அரிக்கும் என்பதால், அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள செம்புச் சுருளையே கேட்டு வாங்குங்கள். வெளிப்பெட்டியை ஓ.டி.எஸ்.ஸுக்குள் மாட்டினால் அது விடும் வெப்பக்காற்று அங்கேயே தேங்கி, இயந்திரம் திணறும். மொட்டைமாடியில் நிழலுள்ள இடமே ஏற்றது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுழற்றுகிறது. குழந்தைகள் உறங்கும் அறையில் ஜன்னலைச் சிறிதளவாவது திறந்துவைக்க வேண்டும். 26 டிகிரியில் வைத்து, 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் கொண்ட) விசிறியையும் சேர்த்துப் போட்டால், உடலுக்கும் மின்கட்டணத்துக்கும் இதமாக இருக்கும்.

அறையைச் சூடாக்கும் கருவி நம் ஊருக்குத் தேவையில்லை. சூடு வேண்டியது குளியல் நீருக்கு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. வெந்நீர் வேண்டிய நாட்களில் பல மேகமூட்டமாகவே இருப்பதால், சூரிய ஹீட்டரை மட்டும் நம்புவது சரிவராது. நால்வர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் மின்கெய்சர் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கெய்சரின் அடியில் படிவு சேரும்; ஆண்டுக்கொருமுறை திறந்து சுத்தம் செய்யவும், தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் அதன் ஆனோடு தண்டைச் சரிபார்க்கவும் வேண்டும். கெய்சருக்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பும், நல்ல எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். எரிவாயு கெய்சரை எக்காரணம் கொண்டும் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். அடைத்த அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, குளிப்பவர் மயங்கி விழுந்த பிறகுதான் வெளியில் இருப்பவருக்கே தெரியவரும்.