கல்லில் இருக்கும் சாம்பல் சத்தை எருவுக்குக் கொண்டுவரும் முறை

பண்ருட்டிச் செம்மண்ணிலும் கடலூர்க் கரையோர மணலிலும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், தங்காது. நல்ல மழை பெய்தால் அடிமண்ணுக்கு இறங்கிவிடும். கடையில் வாங்கும் பொட்டாஷோ கப்பலில் வருவது. கல்லிலேயே இந்தச் சத்து இருக்கிறதே, கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கிரஷர் தூளை அப்படியே கொட்டினால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். என் பலாமரங்களுக்குக் கொட்டிப் பார்த்தேன். இரண்டு வருடமாகியும் மாற்றமில்லை. கல்லில் சத்து இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு.

1. கல்லைத் தேர்ந்தெடுங்கள். பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தில் சுமார் 17 சதவீதம் சத்து உண்டு, ஆனால் படிகக் கட்டுக்குள் இறுகிக் கிடக்கும். கருப்பு அப்பிரகத்தில், அதாவது கருப்புக் காக்காய்ப்பொன்னில், 8 முதல் 10 சதவீதம்தான். ஆனாலும் நமக்கு வேண்டியது இதுதான். ஏடு ஏடாக அடுக்கியிருக்கும் இதில், ஏடுகளுக்கு நடுவேதான் பொட்டாசியம் இருக்கிறது. ஓரங்கள் வழியே மெல்ல வெளியேறும். நகத்தால் கீறினால் கருப்புச் செதில் உரிகிறதா என்று பாருங்கள். வெள்ளை அப்பிரகம் அவ்வளவு எளிதில் சத்தை விடாது.

2. நனைத்துவிட்டுக் கையாளுங்கள். உலர்ந்த கல்தூள் நுரையீரலைக் கெடுக்கும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

3. அலசிப் பிரித்தெடுங்கள். அகன்ற தொட்டித் தண்ணீரில் தூளைக் கலக்கி, சில நொடிகள் விடுங்கள். உருண்ட மணல் துகள் சட்டென்று அடியில் தங்கும். தட்டையான செதில் மிதந்து மெதுவாக இறங்கும். கலங்கிய நீரைத் துணியில் வடித்து எடுங்கள். மூன்று முறை செய்தால் செதில் நன்றாகச் சேரும்.

4. ஈரத்தோடு பழைய ஆட்டுரலில் அரையுங்கள். சமையலுக்கு இனி அந்த உரல் ஆகாது.

5. எருவோடு கலந்து புளிக்க விடுங்கள். நான் 50 கிலோ சாணம், இலைதழைக்கு 10 கிலோ தூள் சேர்க்கிறேன். கல்லில் இருக்கும் பொட்டாசியத்தைக் கரைத்துத் தரும் பொட்டாஷ் பாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரத்தை வெல்லத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் வைத்து, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுகிறேன். நான்கு மாதம் பொறுங்கள். நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலம்தான் ஏட்டைத் திறக்கிறது; ஆகவே சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ குவியலில் சேர்க்காதீர்கள், அமிலம் முறிந்துவிடும்.

6. கல்தூள் சேர்க்காத குவியல் ஒன்றையும் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டின் மாதிரியையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மொத்தச் சாம்பல் சத்தைக் கேட்காமல், பயிருக்குக் கிடைக்கும் சாம்பல் சத்தைக் கேளுங்கள். மொத்த அளவில் கரையாத கல்லும் சேர்ந்து கணக்காகிவிடும்.