பச்சிளம் பிள்ளைக்கு இரத்தம் உறையும் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் தோட்டப் பகுதிகளில்தான் கூடுதல். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்க்கச் சொன்னால், எல்லோரும் ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் ஊசி குத்துவதற்கு முன்பே பாதி விஷயம் தவறிப்போயிருக்கும்.

"குடும்பத்தில் யாருக்காவது இரத்த வருத்தம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா என்ற பரம்பரை நோய் தாய் வழியாக வந்து பெரும்பாலும் ஆண் பிள்ளையைப் பிடிப்பது. ஆகவே தாய்மாமனைப் பற்றிக் கேட்க வேண்டும். பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் ஓடியதா? சின்ன அடிக்கே முழங்கால் வீங்குமா? இதற்கும் "இல்லை" என்று வந்தால் நிம்மதியாகிவிட முடியாது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதையே இருக்காது. அப்புறம், தாயும் தகப்பனும் நெருங்கிய சொந்தமென்றால் அதையும் சொல்லுங்கள். சில அரிய உறைதல் குறைபாடுகளுக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

குளிசை விஷயம் இன்னும் சிக்கல். வலிப்புக்கு ஃபெனிட்டோயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், இதய வால்வுக்கு வார்ஃபரின் என்று கர்ப்பத்தில் எடுத்திருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே பிள்ளைக்கு இரத்தக்கசிவு வரலாம். வலிப்பை மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் கிளினிக்கிலும் வாய் திறப்பதில்லை. மருத்துவிச்சியிடம் தனியாகச் சொன்னாலே போதும். பயந்து குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ரிசல்ட் வரட்டும் என்று, இரத்தம் உறைய உதவும் விற்றமின் கே-யைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. ஹீமோஃபீலியா சந்தேகம் இருந்தால் தசையில் ஊசியாகப் போடாமல் வேறு வழியில் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இனி, ஆய்வுகூடத்துப் பக்கம். வெளிர் நீல மூடிக் குழாயில் கோடுவரை இரத்தம் வேண்டும். 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (குழாயில் இரத்தம் உறையாமல் தடுக்கும் திரவம்) என்பதுதான் கணக்கு. பாதி நிரப்பினால் உறையும் நேரம் பொய்யாக நீளும். எடை குறைந்த பிள்ளைகள் சிலருக்கு இரத்தம் கெட்டியாக இருப்பதால், முழுதாக நிரப்பியும் இதே கோளாறு வரலாம். ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 55 சதவீதத்தைத் தாண்டினால் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடும் தொப்புள் குழாயிலிருந்து மாதிரி எடுப்பதும் வீண் வேலை. மாதிரி கண்டிக்குப் போக வேண்டுமென்றால் ஐஸில் வைக்கக் கூடாது, நேரத்தையும் இழுத்தடிக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் வந்த எண்களைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. விற்றமின் கே-யை நம்பியிருக்கும் 2, 7, 9, 10 ஆம் காரணிகள் (இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள்) பிறக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்குமே குறைவு. அதனால் 9 ஆம் காரணி குறைவதால் வரும் லேசான ஹீமோஃபீலியா பி-யை அப்போதே உறுதிப்படுத்த முடியாது; ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 8 ஆம் காரணி அப்படியல்ல. அது குறைவதால் வரும் ஹீமோஃபீலியா ஏ-யைத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடலாம்.

'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்டும் ஏமாற்றும். 13 ஆம் காரணி இல்லாத பிள்ளைக்கு வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே வரும், ஆனால் தொப்புள் கசிந்துகொண்டே இருக்கும். அங்கே மஞ்சள் வைத்துக் கட்டி நாளைக் கடத்தாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலும் மஞ்சள் காமாலை இறங்காமல் மலம் வெளுத்துப் போனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். உடலில் விற்றமின் கே சேராமல் இருக்கலாம். உச்சிக்குழி புடைத்து, வாந்தியோடு பிள்ளை வெளிறிச் சோர்ந்தால் மூளைக்குள் இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், கிடைத்த வாகனத்தில் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.