திருவிழாவில் ஐரோப்பிய ஆதரவு ஸ்டால்: சொதப்பும் இடங்கள்

பிரிட்டனில் கோடை வந்துவிட்டால் பூங்காவுக்குப் பூங்கா திருவிழாதான். கேக் விற்பவருக்கும் குழந்தைகள் முகத்தில் புலி வரைபவருக்கும் நடுவே, நீலக் கொடி போர்த்திய மேஜை ஒன்று இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு மறுபடி நெருங்க வேண்டும் என்பவர்களின் ஸ்டால் அது.

அங்கே நிற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வாதத்தில் ஜெயிக்கப் பார்ப்பது. ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறத்தான் வாக்களித்தார்கள். அவர்களும் அதே பூங்காவுக்குத்தான் வருவார்கள். "அப்பவே சொன்னோமே" என்று ஆரம்பித்தால், மனம் மாறியிருந்தவர்கூட முறுக்கிக்கொள்வார். சண்டைக்கென்றே வரும் ஒருவரிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டினால், தயங்கி எட்டிப் பார்த்த நாலு பேர் நழுவிவிடுவார்கள். "சரிங்க, கேட்டுக்கொண்டேன்" என்று சிரித்து அனுப்புங்கள்.

பலகையில் இரண்டு மூன்று கேள்விகள் எழுதி, பதிலுக்கு வண்ணப் பொட்டு ஒட்டச் சொல்வது நல்ல உத்தி. ஒட்டியவர் தானாகவே பேசத் தொடங்குவார். ஆனால் பொட்டுகளை எண்ணி "ஊரில் இத்தனை சதவீதம் எங்கள் பக்கம்" என்று அறிவிக்காதீர்கள். கொடியைப் பார்த்து வந்தவர்களின் கணக்கு அது.

அப்புறம், அரைகுறைத் தகவல். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்ததல்ல, ஐரோப்பிய கவுன்சில் (Council of Europe) என்ற தனி அமைப்புடையது. அந்தக் கவுன்சிலில் பிரிட்டன் இன்னும் இருக்கிறது. கொடியில் நட்சத்திரம் 12, ஒன்றியத்தில் நாடுகள் 27, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. குறும்புக்காரப் பையன் யாராவது இதைக் கேட்கத்தான் செய்வான்.

பொருளாதாரப் புள்ளிவிவரங்களை அடுக்கினால் யாரும் நிற்க மாட்டார்கள். ஸ்பெயினில் வீடு வாங்கியவர், ஒன்றிய நாட்டுக் குடியுரிமையோ ஸ்பெயின் வசிப்பு அனுமதியோ இல்லாவிட்டால், 180 நாளில் 90 நாள்தான் தங்க முடியும் என்று சொல்லுங்கள், நிற்பார்கள். "போனது போனதுதானே" என்பவரிடம், ஒன்றியத்தின் ஹொரைசன் ஆய்வுத் திட்டத்தில் 2024இல் பிரிட்டன் மறுபடி சேர்ந்ததைச் சொல்லலாம்.

மின்னஞ்சல் வாங்கும் தாளில், எதற்காக என்று எழுதி, சம்மதக் கட்டத்தில் அவர்களையே டிக் போடச் சொல்லுங்கள். ஒருவரின் அரசியல் கருத்துக்குத் தரவுச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. நிரம்பிய தாளை மேஜையில் விரித்து வைத்திருப்பது மகா தப்பு.

சில விழாக்களில் அரசியல் ஸ்டாலுக்கே இடமில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். கூடாரக் கால்களுக்கு எடை கட்டவும் மறக்காதீர்கள். ஒரு காற்று போதும், துண்டறிக்கை எல்லாம் கேக் மேல் கிடக்கும்.