பழைய அமெரிக்கச் சிற்றூர் முடிதிருத்துநர் ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூரில் கடை வைத்துக்கொண்டே ஊர்ப் பொறுப்பிலும் இருந்த ஒரு முடிதிருத்துநரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? தயவுசெய்து இரங்கல் செய்தியில் ஆரம்பிக்காதீர்கள். பதவியும் நற்குணமும் அதில் பத்தி பத்தியாக இருக்கும், தினமும் கத்தி தீட்டிய கடை ஒரே வரியில் முடிந்துவிடும்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள். 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், 1850-இலிருந்து சுதந்திரமாக இருந்த எல்லோருடைய பெயரும் பதிவானது. தொழில் என்ற கட்டத்தையும் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் கறுப்பினத்தவர் நிறையப் பேர் இருந்தார்கள், அடிமைமுறை ஒழியும்வரை அடிமையாகவே இருந்தவர் என்றால் 1870 ஏட்டில்தான் பெயரோடு கிடைப்பார். 1890 ஏட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தால் அதில் பெரும்பகுதி போய்விட்டது. 1880 ஏட்டுக்கும் 1900 ஏட்டுக்கும் நடுவே விழும் அந்த இருபது வருட இடைவெளியை ஊர் முகவரிப் புத்தகங்களையும் உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரங்களையும் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

அப்புறம் கடை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில், ஊரின் கட்டடங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் சான்போர்ன் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தீக்காப்பீட்டுக்காக வரைந்தவை என்பதால் மரக்கட்டடம் மஞ்சள், செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு என்று நிறம் பிரித்திருப்பார்கள். பக்கத்தில் ஓட்டல் இருந்ததா, எதிரே வங்கி இருந்ததா என்று பாருங்கள், யார் யார் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது ஓரளவு பிடிபடும்.

பொறுப்பு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எட்வர்ட் டுப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் வீட்லண்ட் என்ற சின்ன ஊரில் கடை நடத்திய கறுப்பின முடிதிருத்துநர், 1888-இல் மேயரானார். அவரைத் தேர்ந்தெடுத்தது ஊர் நிர்வாகத்தைக் கவனித்த அறங்காவலர் குழு. இப்படிப்பட்ட ஊர்களில் மேயர் என்ற சொல்லை மட்டும் தேடினால் ஆள் கிடைக்காமல் போகலாம், குழுத் தலைவர் என்றும் தேடுங்கள், கூட்டக் குறிப்பேடு இருந்தால் அதையே கேட்டு வாங்கிப் படியுங்கள். பதவிக்கு முந்தைய வருடங்களையும் விட்டுவிடாதீர்கள். 1855-இலேயே சாக்ரமெண்டோவில் கூடிய கறுப்பின மக்கள் மாநாட்டில் டுப்ளெக்ஸ் கலந்துகொண்டார். வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல முடியாத காலம் அது, அந்த உரிமையைக் கேட்டுத்தான் கூடினார்கள். மேயர் பதவியைவிட இதை நான் பெரிதாக எழுதுவேன்.

கசப்பான விஷயம் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். மிசிசிப்பியின் நாச்செஸில் கடை வைத்திருந்த வில்லியம் ஜான்சன் அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலையானவர், 1835 முதல் 1851-இல் கொல்லப்படும்வரை நாட்குறிப்பு எழுதியவர். அவரே பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு எழுதினால் அது அவருடைய வாழ்க்கையே இல்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் வருடவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். ஏட்டுக்கு ஏடு வயது இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கும், பெயரின் எழுத்தும் மாறும். சரி என்று ஒன்றை நீங்களாகவே முடிவு செய்துவிடாமல் இரண்டையும் குறித்துக்கொண்டு, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் உள்ள நிலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.